குமிழைக் கூட்டாத அக்கா

நான் கையை மேலே காட்டினால் அக்கா வேப்பமரத்தைப் பார்ப்பார். மரம் இல்லாத இடமென்றால் வீதியில் போகிற பஸ்ஸைப் பார்ப்பார். இரண்டும் இல்லாவிட்டால் தன்னுடைய செருப்பைப் பார்ப்பார். என் கையை மட்டும் பார்க்கமாட்டார்.

எங்களுக்குள் மூன்று சைகைகள் இருந்தன. உள்ளங்கையை விரித்து மேலே உயர்த்தினால் தண்ணீரைக் கூட்டவேண்டும். கவிழ்த்துத் தாழ்த்தினால் குறைக்கவேண்டும். கையைப் பொத்தினால் நிறுத்தவேண்டும். நான் கட்டடத்தின் கீழே நின்று, நுனியில் தூரிகை பூட்டிய நீளக் கோலால் மேல்மாடிக் கண்ணாடிகளைத் தேய்ப்பேன். அக்கா வீதியோரத்தில் நிற்கிற வானின் பின்கதவைத் திறந்துவைத்து, பெரிய தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் இருப்பார். தாங்கியிலிருந்து ஒரு சின்னப் பம்பு தண்ணீரை இழுத்துக் குழாய் வழியாக என் தூரிகைவரை தள்ளும். அது எவ்வளவு வேகமாகத் தள்ளவேண்டும் என்று சொல்கிற கறுப்புப் பெட்டி அக்காவின் முழங்காலுக்கு நேரே பூட்டியிருந்தது. பெட்டியில் ஒரு குமிழ். குமிழின்மேல் அக்காவின் வலது கை. குறைக்கச் சொன்னால் அந்தக் கணமே குறைந்துவிடும். நிறுத்தச் சொன்னால் நான் கையைப் பொத்தி முடிக்குமுன் நின்றுவிடும். கூட்டச் சொன்னால்தான் வேப்பமரம்.

"ஏன் அக்கா, நான் கை காட்டினது தெரியேல்லையே?" என்று வந்து கேட்பேன்.

"எந்தக் கை? உம்மடை கை எப்பவும் மேலைதானே நிக்குது."

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னத்துக்கு அவ்வளவு? அக்கா எண்டால் காணும்" என்றிருப்பார். போதும் என்பதை எங்கள் பக்கத்தில் காணும் என்றுதான் சொல்வோம். மற்றவர்கள் அதை வயிறு நிறைந்தபிறகு சொல்வார்கள். அக்கா தட்டில் முதல் அகப்பை விழும்போதே சொல்லிவிடுவார்.

அக்காவோடு கண்ணாடி கழுவ வருமுன்னர் நான் சுவருக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தவன். அந்தத் தொழிலை விட்டு எத்தனையோ காலமான பிறகும் அக்கா என்னை "பெயின்ரர்" என்றுதான் கூப்பிட்டார். புதிதாக ஒரு பெயர் வைப்பதும் அவருக்கு வீண்செலவு. லண்டனில் அவருடைய தம்பி வீடு வீடாகக் கண்ணாடி கழுவுகிறவர். தான் புதிது வாங்கியபோது பழைய தாங்கி, பம்பு, பெட்டி, கோல், குழாய் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றி அக்காவின் ஊரான நெளுக்குளத்துக்கு அனுப்பிவிட்டார். அக்காவின் முற்றத்தில் ஒரு வான் சும்மா நின்றது. அது அவருடைய கணவர் வாடகைக்கு ஓடிய வான். அந்த மனிதரைப்பற்றி அக்கா என்னிடம் ஒரே ஒரு தரம் சொன்னார். "வானை விட்டிட்டுக் கடைக்குப் போனவர். வரேல்லை." அவ்வளவுதான். அப்போது மகள் கைக்குழந்தை. நான் மேற்கொண்டு ஏதோ கேட்க வாயெடுத்தேன். "காணும்" என்றார்.

ஏ-ஒன்பது வீதியில் இப்போது கண்ணாடி இல்லாத கட்டடம் கிடையாது. புடவைக்கடை, கல்யாண மண்டபம், பல் டொக்டரின் கிளினிக், எல்லாம் முகப்பு முழுக்கக் கண்ணாடி. வீதியின் செம்மண் புழுதியெல்லாம் வந்து ஒட்டுவது அதில்தான். எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை.

முதல் கிழமையில் கனகராயன்குளத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். லண்டன் தம்பி போனில் காட்டித் தந்தபடி குமிழைத் திருப்பி வைத்தோம். பெட்டி தானே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், நான் கோலில் உள்ள தண்ணீரை மூடினால் பம்பும் தானாக நின்றுவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். அவர் சொன்னது லண்டன் குளிருக்கு. வன்னியின் மத்தியான வெயிலில் தரையில் கிடந்த குழாய் அவித்த இடியப்ப இழைபோல் இளகிக்கிடந்தது. நான் மூடினேன். பம்பு நிற்கவில்லை. குழாய் ஊதிக்கொண்டு வந்து, பொருத்திய இடம் கழன்று, தண்ணீர் நேரே கடைக்குள் பாய்ந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். ஒரு லொறிச் சாரதி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து, "தங்கச்சி, ரசம் காணும், இனி மோர் விடுங்கோ" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. கடை வாசலில் ஓடிக்கிடந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பாரும், ஒரேயடியாப் போச்சுது" என்றார்.

அன்றுமுதல் அந்தப் பெட்டியை அவர் நம்பவில்லை. வேலை தொடங்கினால் முடியும்வரை குமிழில் கை இருக்கும். தாகம் வந்தாலும் இடது கையால்தான் போத்தலைத் திறப்பார்.

அவருடைய கை எல்லா விசயத்திலும் அந்தக் குமிழின்மேலேதான் இருந்தது. எச்சில் கையால் காகம் விரட்டாத மனுசி என்று அயலில் சொல்வார்கள். முழுப் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். தேங்காய்ப்பூவை இரண்டு தரம் பிழிந்து, மூன்றாம் தரமும் பிழிவார். சிரிப்பு வந்தால் பாதியில் நிறுத்திவிடுவார். செத்த வீட்டுக்குப் போனால் ஒரு மூச்சு அழுது, முந்தானையால் துடைத்து, எழும்பிக் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்கு உலை வைப்பார். மகள் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட செய்தி வந்த அன்று அயலட்டை எல்லாம் வந்து நின்றது. அக்கா மகளின் தலையைத் தடவி, "சரி. சாப்பிடு" என்றார். மகள் அதற்கே அழுதுவிட்டாள். அவளுக்குத் தாயின் கணக்குத் தெரியும். மற்றத் தாய்மாரின் கட்டிப்பிடிப்புக்கு அது சமன்.

நான் விசுவமடுக்காரன். போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாமுக்கு வந்து, தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வருமா வராதா என்று வாளியோடு வரிசையில் நின்றவன். அதனாலேயே எனக்குத் தண்ணீர் கொட்டவேண்டும். குளித்தால் வாளி வாளியாக ஊற்றிக் குளிப்பேன். அக்காவோ ஒருநாளும் முற்றத்துக் கிணறு வற்றிக் காணாதவர். ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்.

"அக்கா, தண்ணிக்கு வரிசையிலை நிண்டவன் நான். மிச்சம் பிடிக்கிறது நீங்கள். இது என்ன ஞாயம்?"

"வரிசையிலை நிண்ட ஆளுக்கு இண்டைக்கு இல்லாட்டி நாளைக்குக் கிடைக்கும் எண்டு தெரியும்" என்றார். "எனக்கு அப்பிடி ஒண்டும் தெரியாது."

அதற்குமேல் விளக்கவில்லை. நானும் கணவர் விட்டுப்போன அந்த வானைப் பார்த்தபின் கேட்கவில்லை.

அவருடைய சிக்கனம் எப்போதும் வென்றது என்று நினைக்கவேண்டாம். கிளிநொச்சியில் மூன்று மாடிப் புடவைக்கடை ஒன்று. தீபாவளிக்கு முன்னர் கழுவித் தரச் சொல்லியிருந்தார்கள். மேல்மாடிக்கு ஏறும்போதே தண்ணீர் களைத்துவிட்டது. நான் கையை மேலே காட்டினேன். பஸ் போனது. பிறகும் காட்டினேன். இன்னொரு பஸ் போனது. கண்ணாடி காய்ந்தபோது மேல்வரிசை முழுக்கப் புழுதிக் கோடு கோடாக நின்றது. முதலாளி வெளியே வந்து பார்த்துவிட்டு, "இது கழுவினதோ, கீறினதோ?" என்றார். அவர் கேட்டது சரி. முதலிலிருந்து தொடங்கினோம். அப்போதும் அக்கா குமிழைக் கூட்டவில்லை. அதே மெல்லிய நீரால் ஒவ்வொரு கண்ணாடியையும் இரண்டு தரம் கழுவவைத்தார். என் தோள்மூட்டு கழன்றுவிட்டது.

"அக்கா, இரண்டு தரம் கழுவினால் ஒரு தரத்தைவிடக் கூடத் தண்ணி போகுமெல்லே?"

"ஓம்."

"பிறகேன்?"

"ஒரேயடியாப் போகேல்லைத்தானே."

அந்தக் கணக்கு எனக்கு அன்று விளங்கவில்லை. இப்போது கொஞ்சம் விளங்குகிறது. நிறையப் போவது அவருக்குப் பயமில்லை. நிறுத்தமுடியாமல் போவதுதான் பயம்.

இனி அந்தப் பீப்பாயைப்பற்றிச் சொல்லவேண்டும். சொல்ல விருப்பமில்லாமல்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரால் கண்ணாடி கழுவேலாது. காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் புள்ளி நிற்கும். அதனால் கிணற்றுத் தண்ணீரை வடிக்கிற இயந்திரம் ஒன்று அக்காவின் முற்றத்தில் பூட்டியிருந்தது. அதிலிருந்து இரண்டு குழாய்கள் வெளியே வரும். ஒன்றில் நல்ல தண்ணீர் வந்து வானின் தாங்கிக்குப் போகும். மற்றதில், அந்த நல்ல தண்ணீரிலிருந்து கழித்த உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த தண்ணீர் வரும். அதை ஊற்றிவிடவேண்டும் என்று லண்டன் தம்பி சொல்லியிருந்தார். ஊற்றிவிடுவதா? அக்கா அந்தக் குழாயின்கீழ் ஒரு நீலப் பீப்பாயை வைத்தார். முதலில் மிளகாய்க்கன்றுகளுக்கு விட்டார். இலை கருகிப்போனது. பிறகு உடுப்புத் தோய்த்தார். பிறகு சட்டிபானை கழுவினார்.

ஒருநாள் வேலையால் வந்து அவருடைய வீட்டில் தேத்தண்ணி குடித்தோம். மறதியாக நான் அவருடைய கோப்பையை எடுத்துவிட்டேன். ஒரு வாய் வைத்ததும் துப்பவேண்டியிருந்தது. கடல் தண்ணீரில் தேயிலை போட்டதுபோல் இருந்தது.

"என்னக்கா இது?"

"அது என்ரை. உம்மடை இஞ்சை."

என்னுடைய கோப்பையில் நல்ல தேத்தண்ணி. மகளுக்கும் நல்ல தேத்தண்ணி. தனக்கு மட்டும் பீப்பாய்த் தண்ணீர். எவ்வளவு காலமாக என்று கேட்டேன். கோப்பையைத் தன் பக்கம் இழுத்துவைத்தார். நான் கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

"கத்தாதையும்" என்றார். "எங்கடை கிணத்திலை இருந்த தண்ணிதானே. வெளியிலை இருந்தோ வந்தது? கண்ணாடிக்குப் பிரிச்சுக் குடுத்த மிச்சம். ஆரோ ஒரு ஆள் குடிக்கத்தானே வேணும்."

ஆரோ ஒரு ஆள் குடிக்கத்தான் வேணும். ஊரில் உள்ள கடைக் கண்ணாடியெல்லாம் அப்பழுக்கில்லாத தண்ணீரில் குளித்தது. குளிப்பாட்டியவர் அதன் கழிவைக் குடித்தார்.

கால் வீங்கத் தொடங்கியபோது வெயிலால் என்றார். செருப்பு கொள்ளாமல் போனபோது செருப்புச் சுருங்கிவிட்டது என்றார். முகமும் வீங்கியபிறகுதான் மகள் இழுத்துக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போனாள். இரண்டு சிறுநீரகமும் பழுது. நான் டொக்டரிடம் பீப்பாயைப்பற்றிச் சொன்னேன். அவர் நிதானமான மனிதர். "இந்தப் பக்கத்திலை கனபேருக்கு இது இருக்கு. அதாலைதான் வந்தது எண்டு நான் சொல்லமாட்டன். வரேல்லை எண்டும் சொல்லமாட்டன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய்ப் பீப்பாயைப் புரட்டிவிட்டாள். முற்றம் முழுக்கத் தண்ணீர் ஓடியது. அக்கா வாசல்படியில் இருந்து அது ஓடி முடியும்வரை பார்த்தார்.

"முற்றத்தையாவது கூட்டியிட்டுப் புரட்டியிருக்கலாம்" என்றார். "புழுதி அடங்கியிருக்கும்."

மகள் அவரைக் கட்டிப்பிடித்துக் கத்தி அழுதாள். அக்கா அவளுடைய முதுகில் தட்டினார். அன்றுமட்டும் காணும் என்று சொல்லவில்லை.

அதன்பிறகு, இரத்தம் சுத்திகரிக்க அக்காவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகும் வேலை எனக்கு வந்தது. கண்ணாடி கழுவுகிற அதே வானில்தான் போவோம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் இயந்திரம். அதன் முகப்பில் ஒரு சின்னச் சில்லு சுற்றிச் சுற்றி, அக்காவின் இரத்தத்தைக் குழாயால் இழுத்து வடித்துத் திரும்பக் கொடுக்கும். முதல்நாள் அக்கா அந்தச் சில்லையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு தாதியிடம் கேட்டார்.

"பிள்ளை, இதைக் கூட்டிக் குறைக்கிறது எதாலை?"

அந்தப் பிள்ளை ஒரு பொத்தானைக் காட்டினாள்.

"கொஞ்சம் குறைச்சு விடுங்கோவன். வலு வேகமா ஓடுது."

"குறைச்சால் வடியாது அம்மா. இவ்வளவு ஓடத்தான் வேணும்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "எங்கடை பெட்டி மாதிரித்தான் பெயின்ரர்" என்றார். "ஆனா நான் தொடேலாது." போர்வைக்கு வெளியே கிடந்த வலது கை எதையோ பிடிக்கிறதுபோல் மடங்கி விரிந்தது. நான் வெளியே போய் வானுக்குள் இருந்து அழுதுவிட்டு வந்தேன்.

தண்ணீர் குடிப்பதற்கும் டொக்டர் அளவு போட்டார். ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல். தேத்தண்ணி, சொதி, எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். அந்த வாட்டில் மற்றவர்கள் களவாகக் குடித்துவிட்டு மூச்செடுக்க முடியாமல் ஓடிவருவார்கள். நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்கிற தாகம் அது. குற்றம் சொல்லேலாது. அக்கா மட்டும் பொழுதுபட்டாலும் போத்தலைத் தூக்கிக் காட்டுவார். அடியில் தண்ணீர் நிற்கும்.

"டொக்டர் தந்ததிலையும் மிச்சம் பிடிச்சிட்டன்."

அதைச் சொல்லும்போது அவருடைய உதடு வெடித்திருக்கும்.

வேலைக்கும் வந்தார். வரவேண்டாம் என்றால் கேட்பவரா? முக்காலியில் இருக்க ஏலாதென்று நான் வானுக்குள் சாய்கதிரை ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். தாகத்தோடு கிடக்கிற மனுசி, ஒரு தாங்கி தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்து, அதைச் சொட்டுச் சொட்டாகக் கண்ணாடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பாதி வேலையில் திரும்பிப் பார்ப்பேன். கண்ணை மூடி, குழாயில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். "பம்பு சரியா ஓடுதோ எண்டு கேக்கிறன்" என்பார். அவர் கேட்டது பம்பை அல்ல, தண்ணீர் ஓடுகிற சத்தத்தை. அது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அதன்பின் நான் கையை மேலே காட்டுவதை விட்டுவிட்டேன்.

லண்டன் தம்பி தன்னுடைய சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்றார். சும்மா வாய்க்குச் சொல்லவில்லை, அங்கே சோதனைகூடச் செய்துவிட்டார். பொருந்தும் என்று சொல்லிவிட்டார்கள். போனை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, நான் வாறன். ரிக்கற் போடப்போறன்."

"பொறு" என்றார் அக்கா. "உன்ரை பிள்ளையளின்ரை பள்ளிக்கூடச் சோதினை முடியட்டும்."

சோதினை முடிந்தது. "பனி முடியட்டும், வழுக்குற நேரம் பயணம் வேண்டாம்" என்றார். பனியும் முடிந்தது. "இப்ப நான் சுகமா இருக்கிறன்" என்றார். நான் போனைப் பறித்து, "அவா சுகமில்லை, நீர் உடனை வாரும்" என்று கத்தினேன். அக்கா என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வானுக்குள் வைத்துச் சொன்னார்.

"குடுக்கிறதை அளந்து குடுக்கலாம் பெயின்ரர். இதை எப்பிடி அளந்து வாங்கிறது? அவன்ரை உடம்பிலை பாதி."

"அவர் விருப்பத்தோடை தாறார். வாங்கினால் என்ன?"

"கேட்டுப் பழகேல்லை" என்றார். இந்தமுறை மரத்தைப் பார்க்கவில்லை, பஸ்ஸைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "வரச் சொல்லும்."

தம்பி ரிக்கற் போட்டார். ஆனால் அக்காவின் இதயம் அதற்குள் களைத்துவிட்டது. ஒரு விடியற்காலையில் மூச்சு முட்டிக் கொண்டுபோனோம். ஒட்சிசன் பூட்டினார்கள். இரத்தம் சுத்திகரிக்க உடம்பு தாங்காது என்றார்கள். பத்து மணிபோல் டொக்டர் மகளையும் என்னையும் வெளியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இனித் தண்ணிக்கு அளவு பாக்கவேண்டாம். கேக்கிறதைக் குடுங்கோ."

எத்தனையோ மாதமாக அந்தச் சொல்லைக் கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டோம். கேட்டதும் மகள் லண்டன் மாமாவுக்குப் போன் எடுக்க முற்றத்துக்குப் போனாள்.

நான் உள்ளே போனேன். கண்ணாடி கழுவுகிற அந்த நல்ல தண்ணீரில் அல்ல, கடையில் வாங்கிய குடிதண்ணீரில் ஒரு செம்பு நிறைய எடுத்தேன். முகமூடியை ஒதுக்கி, தலையைத் தூக்கிப் பிடித்து, கோப்பையில் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார். பழக்கத்தில் கோப்பையை எடுத்துவிட்டேன். காணும் என்பார் என்று அவருடைய வாயைப் பார்த்தேன்.

வாய் அசையவில்லை. அக்கா என்னையே பார்த்தார். போர்வைமேல் கிடந்த வலது கை மெல்லப் புரண்டது. உள்ளங்கை விரிந்தது. அது கட்டிலிலிருந்து கொஞ்சம் மேலே எழும்பியது. பிறகும் எழும்பியது.

நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஊற்றினேன். அவர் கை தாழும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.